பதினாறு மில்லி நொடிக் கணக்கு: முதல் கேமிங் கணினிக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சென்னை ரிச்சி தெருவிலோ வேறு ஊரின் கணினிச் சந்தையிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, கேம் ஆடுவதற்கு ஒரு கணினி வேண்டும் என்று கேட்டால், சில நிமிடங்களில் ஒரு கொட்டேஷன் கைக்கு வந்துவிடும். ‘ஐ5 பிராசசர், 16 ஜி.பி. ராம், 4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று அதில் நான்கு வரிகள் இருக்கும். (எஸ்.எம்.பி.எஸ். என்பது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி.) நான்கில் ஒன்றும் பொய்யாக இராது. ஆனாலும் இந்த நான்கு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் விரும்பும் விளையாட்டு அந்தக் கணினியில் ஓடுமா ஓடாதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐ5 என்ற பெயரில் 2013இல் வெளிவந்த நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) பிராசசரும் உண்டு, 2022இல் வெளிவந்த ஆறு கோர் பிராசசரும் உண்டு. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை அதிகமில்லை. ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது, அதில் போடும் பணம் திரையில் எப்படித் திரும்பி வருகிறது என்ற கணக்கு பிடிபட்டால்தான், அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் என்ன கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

அந்தக் கணக்கு ஒரு ஃப்ரேமிலிருந்து தொடங்குகிறது. விளையாட்டில் நாம் காணும் அசைவு, தனித்தனிப் படங்கள் அடுத்தடுத்துத் திரையில் வந்து விழுவதால் உண்டாவது. அந்த ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால், ஒன்றை உருவாக்கக் கணினிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடிதான். அந்த நேரத்துக்குள் முதலில் பிராசசர் தன் வேலையை முடிக்கிறது: எதிராளி எங்கே நகர்ந்தார், சுட்ட குண்டு சுவரில் பட்டதா, இந்தக் கோணத்தில் எந்தெந்தப் பொருள்கள் தெரியும் என்றெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியவற்றின் பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அந்தப் பட்டியலை வாங்கி, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்டுகிறது. பரோட்டாக் கடையில் ஒருவர் மாவை வீசிச் சுற்றி வைத்துக்கொண்டே இருக்க, அடுத்தவர் அவற்றைத் தட்டிக் கல்லில் போட்டு எடுப்பதைப் போல, இந்த இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஃப்ரேம்களில் வேலை செய்கிறார்கள். கல் சிறிதாக இருந்தால் மாவு வீசுபவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் பயனில்லை. கல் பெரிதாக இருந்தும் வீசுபவர் மெதுவாக வீசினால் கல் வெறுமனே காயும். இருவரில் யார் தாமதமோ அவருடைய வேகமே கணினியின் வேகம். பாட்டில்நெக் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

ஆகவே தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்குவதே முறை. பலர் எல்லாவற்றையும் வாங்கி முடித்து, மிச்சப் பணத்தில் மானிட்டர் தேடுகிறார்கள். ஆனால் கிராபிக்ஸ் கார்டு எத்தனை புள்ளிகளுக்கு நிறம் தீட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது மானிட்டர். 1080பி திரையில் 20,73,600 புள்ளிகள்; 1440பி திரையில் 36,86,400; 4கே திரையில் 1080பியைப் போல் சரியாக நான்கு மடங்கு. புள்ளிகள் கூடும்போது கிராபிக்ஸ் கார்டின் சுமை ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. பிராசசரின் சுமையோ பெரிதாக மாறுவதில்லை, ஏனெனில் திரை பெரிதானாலும் எதிராளிகளின் எண்ணிக்கை அதேதான். மாறாக, 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டரிலிருந்து 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் போய் நொடிக்கு 144 ஃப்ரேம் கேட்டால், ஒரு ஃப்ரேமுக்கான நேரம் 6.9 மில்லி நொடியாகச் சுருங்கி, இருவரையும் ஒருசேர நெருக்குகிறது. வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் வரைவது எளிது, வேகம் அதிகம் வேண்டும் என்பதால் பிராசசர் முக்கியமாகிறது. சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகளில் ஒளியும் நிழலும் கனமானவை என்பதால் கிராபிக்ஸ் கார்டே முதலில் திணறும். குறைந்த பணத்தில் முதல் கணினி சேர்ப்பவருக்கு 24 அங்குல 1080பி, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை) மானிட்டரே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. 4கே மானிட்டரைத் தள்ளுபடியில் வாங்கிவிட்டு, அதற்கு ஈடுகொடுக்கக் கிராபிக்ஸ் கார்டுக்குப் பணமில்லாமல் நிற்பது வேதனையான நிலை.

அடுத்து கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர், கீபோர்டு நீங்கலாகக் கணினிக்கென்று 60,000 ரூபாய் ஒதுக்கியிருந்தால், அதில் 22,000 முதல் 25,000 வரை இதற்கே போக வேண்டும். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. புதியவர்கள் அதிகம் ஏமாறுவதும் இந்தப் பாகத்தில்தான். ‘4 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்ற சொற்றொடர் அந்தக் கார்டின் நினைவகம் எவ்வளவு என்று சொல்கிறதே தவிர, அந்த நினைவகத்திலிருந்து எவ்வளவு வேகமாக எடுத்து வரைய முடியும் என்று சொல்வதில்லை. 2014இல் வந்த ஜிடி 730 கார்டு 4 ஜி.பி. டிடிஆர்3 நினைவகத்துடனும் விற்கப்பட்டது; அதன் நினைவகம் நொடிக்கு 30 ஜி.பி.க்கும் குறைவான தரவையே கொடுக்கும். 2021இல் வந்த ஆர்எக்ஸ் 6600 கார்டின் 8 ஜி.பி. நினைவகம் நொடிக்கு 224 ஜி.பி. கொடுக்கும். நினைவகத்தின் அளவு இரண்டு மடங்கு, வேகமோ ஏழு மடங்குக்கு மேல். வரையும் சில்லின் திறனை ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. பெட்டியில் அச்சிட்ட ஜி.பி. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது, குடத்தின் அளவைப் பார்த்துக் குழாயில் தண்ணீர் வருமா என்று முடிவு செய்வதைப் போன்றது.

பெயர் ஒன்றாக இருப்பதாலும் ஏமாறக்கூடாது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் 8 ஜி.பி. கார்டும் உண்டு, 2024இல் வந்த 6 ஜி.பி. கார்டும் உண்டு, பின்னதில் நினைவகம் மட்டுமல்ல, கோர்களும் குறைவு, நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் குறுகல். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டுடன் பேசும் பிசிஐஇ பாதைகள் நான்கே என்பதால், பிசிஐஇ 3.0 என்னும் முந்தைய தலைமுறைப் பாதையை மட்டுமே தரும் பழைய போர்டில் பொருத்தினால் அதன் வேகம் கண்கூடாகச் சரியும். 1080பி திரைக்கு இன்று நம்பி எடுக்கக்கூடியவை என்று நான் சொல்வது, 8 ஜி.பி. நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 ஆகியவற்றில் உங்கள் ஊரில் அன்றைய விலையில் கட்டுப்படியாகும் ஒன்றைத்தான். 12 ஜி.பி. நினைவகத்துடன் வரும் இன்டெல் ஆர்க் பி580 நல்ல கார்டு. ஆனால் அது முழுத் திறனைக் காட்ட, பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இயக்கத்தில் இருந்தாக வேண்டும், பிராசசரும் மிகப் பழையதாக இருக்கக்கூடாது. பழைய கணினியில் கார்டை மட்டும் மாற்ற நினைப்பவர் இதை விசாரிக்காமல் வாங்க வேண்டாம்.

பிராசசருக்கு வருவோம். விளையாட்டுக்கு ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) இன்றைக்குப் போதும். எட்டுக் கோருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீடியோ எடிட்டிங்கில் பயன் தரும்; இந்த விலையில் விளையாட்டுக்கு அதே பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் சேர்த்தால் பலன் அதிகம். ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் ஐ5-12400எஃப் இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. இன்னும் கையைக் கடித்தால், நான்கு கோர் ஐ3-12100எஃப் கூட வியக்கத்தக்க அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். பெயரின் இறுதியில் இருக்கும் எஃப் என்ற எழுத்துக்கு, உள்ளேயே படம் காட்டும் வசதி இல்லை என்று பொருள். தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அந்தப் பிராசசரை வாங்கினால் திரையில் எதுவும் தெரியாது.

இங்கே ஓர் எழுத்து எவ்வளவு செய்யும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. ரைசன் 5 5500, 5600, 5600ஜி மூன்றும் ஆறு கோர் பிராசசர்கள்; விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 5600இல் எல்3 கேஷ் என்னும் உள்நினைவகம் 32 எம்.பி.; மற்ற இரண்டிலும் 16 எம்.பி.தான். விளையாட்டு ஓடும்போது பிராசசருக்கு வேண்டிய தகவல்கள் ஒரே இடத்தில் வரிசையாக இராமல் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். கேஷில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ராம் வரை போய்த் திரும்ப வேண்டும்; அந்தப் பயணம் நடந்து முடியும்வரை அந்தக் கோர் பெரும்பாலும் சும்மா காத்திருக்கும். கேஷ் பெரிதாக இருந்தால் பயணங்கள் குறையும், ஃப்ரேம்கள் சீராக விழும். மேலும் 5500, 5600ஜி இரண்டும் பிசிஐஇ 3.0 மட்டுமே தருபவை. அதற்காக 5600ஜியை ஒதுக்கிவிடவும் தேவையில்லை: அதனுள் படம் காட்டும் வசதி இருப்பதால், கிராபிக்ஸ் கார்டை ஆறு மாதம் கழித்துத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு அதுவே சரியான தேர்வு. எளிய விளையாட்டுகளைக் குறைந்த அமைப்பில் அதுவரை ஆடிக்கொண்டிருக்கலாம்.

இந்த மூன்று ரைசன்களும் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம்) தன் பயணத்தின் இறுதிக்கு வந்துவிட்டது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கும் அப்பால் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்னும் மூன்று ஆண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருப்பவர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அது டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். போர்டின் விலையும் கூடுதல். கைப்பணம் குறைவென்றால் ஏஎம்4இல் நிற்பதில் தவறேதும் இல்லை.

மதர்போர்டில் அதிகம் செலவிட வேண்டாம். பிராசசரின் சாக்கெட்டுக்குப் பொருந்த வேண்டும், ராம் செருக நான்கு இடம் இருந்தால் நல்லது, பிசிஐஇ 4.0 வேண்டுமென்றால் ஏஎம்4இல் ஏ520 வகைப் போர்டை விட்டு பி550க்குப் போக வேண்டும், இவ்வளவுதான். பழைய இருப்பிலிருந்து பி450 போர்டை எடுத்தால், அதன் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) 5000 வரிசைப் பிராசசரை அடையாளம் காணும் அளவுக்குப் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே கேட்டு, புதுப்பித்துத் தரச் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் திரை கறுப்பாகவே நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராமில் சொல்ல வேண்டியது ஒன்றே, ஆனால் அது மிக முக்கியம். 16 ஜி.பி. ராமை ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜி.பி. குச்சி இரண்டாக வாங்குங்கள். டிடிஆர்4-3200 குச்சி ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும், இரண்டைத் தனித்தனிச் சேனலில் (பிராசசருக்குத் தரவு செல்லும் பாதை) செருகினால் 51.2 ஜி.பி. பிராசசருக்குள்ளேயே படம் காட்டும் 5600ஜி போன்றவற்றில், தனி நினைவகம் இல்லாததால், இந்த ஒரு மாற்றமே விளையாட முடியாததை விளையாடத்தக்கதாக ஆக்கிவிடும். நான்கு இடமுள்ள போர்டில், பிராசசரிலிருந்து எண்ணி வரும் இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும். முதல் இரண்டு இடங்களிலோ கடைசி இரண்டு இடங்களிலோ அருகருகே செருகிவிட்டால் இரண்டு குச்சியும் ஒரே சேனலில் மாட்டிக்கொள்ளும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் 2025இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஆகவே பழைய விலைப் பட்டியல்களை நம்பித் திட்டமிடாமல், வாங்கப்போகும் வாரத்தின் விலையை வைத்தே கணக்குப் போட வேண்டும்.

சேமிப்புக்கு 500 ஜி.பி. அல்லது 1 டி.பி. என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) ஒன்று போதும். அது நொடிக்கு வரையப்படும் ஃப்ரேம்களைக் கூட்டாது. விளையாட்டு திறக்கும் நேரத்தையும் புதிய இடத்துக்குள் நுழையும்போது ஏற்படும் இடறலையும் குறைக்கும். ஹார்டு டிஸ்கை மட்டும் வைத்துச் சமாளிக்கும் காலம் போய்விட்டது. சைபர்பங்க் 2077இன் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே 2023இல் எஸ்எஸ்டி சேர்ந்துவிட்டது. நொடிக்கு 7,000 எம்.பி. என்று விளம்பரப்படுத்தப்படும் விலையுயர்ந்த எஸ்எஸ்டிக்கும் 3,500 எம்.பி. எஸ்எஸ்டிக்கும் இடையில் விளையாட்டில் உணரத்தக்க வேறுபாடு மிகக் குறைவு.

இனி எஸ்.எம்.பி.எஸ். நான் முதன்முதலில் சேர்த்த கணினியில் கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாட்டியிருந்தேன். அதில் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு மே மாதப் பிற்பகலில், விளையாட்டின் நடுவே பட்டென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கருகிய வாடை. அதோடு மதர்போர்டும் போயிற்று. பழுது பார்ப்பவர் அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையைக் காட்டி, ‘இதை யாரும் படிக்கிறதே இல்ல தம்பி’ என்றார். அன்றிலிருந்து நான் யாருக்குக் கணினி சேர்த்துக் கொடுத்தாலும் முதலில் படிப்பது அந்த அட்டவணையைத்தான்.

அதைப் படிப்பது எளிது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் இணைப்பிலிருந்து. அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்குங்கள். அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட்தான் உண்மையில் பயன்படக் கிடைக்கும். மேலே 450 என்று எழுதியிருப்பது 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பெரிதாக்கிய எண். நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு நேராக 45 ஆம்பியரை ஒட்டி இருக்கும். அதாவது 540 வாட். இப்போது தேவையைக் கணக்கிடுவோம். ஆர்எக்ஸ் 6600 கார்டுக்கு 132 வாட், ரைசன் 5 5600க்கு முழுச் சுமையில் 76 வாட், போர்டு, ராம், மின்விசிறி, எஸ்எஸ்டி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக 50 வாட். மொத்தம் 260 வாட்டுக்கு அருகில். 216 வாட் மட்டுமே தரும் பெட்டியால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்பது இந்தக் கூட்டலிலேயே தெரிகிறது. கிராபிக்ஸ் கார்டு கண நேரத்துக்குச் சராசரியைவிட மிக அதிகமாக இழுக்கும் என்பதால், பெயர்பெற்ற நிறுவனத்தின் 550 வாட் பெட்டியை எடுப்பது நல்லது. பின்னாளில் கார்டை மாற்றினாலும் அது தாங்கும். 80 பிளஸ் என்ற முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கணினிக்குக் கொடுக்கிறது என்பதற்கான சான்று. மிகைமின்னழுத்தம், குறுக்குச்சுற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் அமைப்புகள் உள்ளே உள்ளனவா என்பதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

யுபிஎஸ் வாங்குபவருக்கும் இதே கணக்குத்தான். வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் வரை தாங்கும். கணினியின் 260 வாட்டுக்காகச் சுவரிலிருந்து 320 வாட்டுக்கு மேல் எடுக்கப்படும், மானிட்டருக்கு இன்னும் ஒரு 25 வாட், விளிம்பில் நிற்கிறது. 1000 விஏ இருந்தால் மின்சாரம் போகும் நேரத்தில் விளையாட்டைச் சேமித்துவிட்டு நிதானமாக அணைக்கலாம். சுவரில் உள்ள பிளக்கில் எர்த் உண்மையிலேயே இணைக்கப்பட்டுள்ளதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும் வீடுகளில் பெரும்பாலும் அதுதான் குறை.

கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடியால் மூடியிருந்தால் பார்க்க அழகுதான். காற்று உள்ளே போக வழியிராது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஏசி இல்லாத அறையில் வைக்கப்போகும் கணினிக்கு, முன்பக்கம் வலையாக இருந்து இரண்டு மின்விசிறி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளும் கேபினெட்டே வேண்டும். அறையின் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த விசிறியாலும் கணினியை வைக்க முடியாது. வெப்பம் எல்லை மீறினால் சில்லுகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய மில்லி நொடிகள் கையைவிட்டுப் போகும்.

வாங்கும்போது ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் எண்ணுடன் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வரி 18 விழுக்காடு என்பதால் பில் இல்லாமல் வாங்கினால் குறையும் என்ற ஆசை வார்த்தை வரும். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போகும் நாளில் கையில் ஆதாரம் இராது. பழைய பொருள்களில் பிராசசரை ஓரளவு துணிந்து எடுக்கலாம், கிராபிக்ஸ் கார்டை நேரில் அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தபின் எடுக்கலாம், எஸ்.எம்.பி.எஸ்., எஸ்எஸ்டி இரண்டையும் பழையதாக வாங்கவே கூடாது.

எல்லாம் பூட்டி முடித்து விண்டோஸும் ஏற்றியபின் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். மானிட்டரின் கேபிள் மதர்போர்டில் உள்ள துளையில் செருகப்படாமல், கீழே கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருகப்பட்டிருக்க வேண்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால், 3200 என்று எழுதிய ராம் 2133 அல்லது 2400 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பு: 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை இணைத்தாலும் அது பல நேரங்களில் 60இலேயே நிற்கும். என் அக்கா மகன் நான்கு மாதம் அப்படியே விளையாடிக்கொண்டிருந்தான். அந்த எண்ணை 144க்கு மாற்றிவிட்டு மவுஸை ஒருமுறை குறுக்கே இழுத்தவன், ‘மாமா, புது மானிட்டர் மாதிரி இருக்கு’ என்றான்.